வெளியுறவு நாற்காலியும் ஓசூரின் குரலும்

2009 மே 18-ஆம் தேதி முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. அடுத்த நான்காம் நாள் மன்மோகன் சிங்கின் இரண்டாவது அமைச்சரவை பதவியேற்றது. மறுநாள் துறைகள் அறிவிக்கப்பட்டன. வெளியுறவுத் துறை எஸ்.எம்.கிருஷ்ணாவுக்குப் போயிற்று. தி.மு.க.வின் 18 எம்.பி.க்கள் தாங்கிய ஆட்சி அது. அந்த வாரம் தி.மு.க.வுக்கும் காங்கிரஸுக்கும் இழுபறி நடந்தது உண்மை. முதல் நாள் பதவியேற்பில் தி.மு.க. அமைச்சர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த இழுபறி கட்சிக்கு எத்தனை இடம், எந்தெந்தத் துறை என்பதைப் பற்றியது. இலங்கையோடு இனி இந்தியாவின் சார்பில் பேசப்போகிறவர் யார், அந்தப் பொறுப்புக்கு அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்ற பேச்சு அதில் எழவில்லை.

கர்நாடக எல்லையை ஒட்டிய ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கிருஷ்ணாவைத் தெரியாதவர்கள் குறைவு. 1999 முதல் 2004 வரை கர்நாடக முதல்வராக இருந்தவர் அவர். 2002 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு நாளொன்றுக்கு 1.25 டி.எம்.சி. காவிரித் தண்ணீர் திறக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். காவிரி ஆணையம் அதை 0.8 டி.எம்.சி.யாகக் குறைத்தது. அதையும் கர்நாடகம் பாதியில் நிறுத்தியது. அக்டோபரில் பெங்களூரிலிருந்து மண்டியா நோக்கிப் பாதயாத்திரை கிளம்பினார் முதல்வர். நீதிமன்ற அவமதிப்பு வழக்கு நெருக்கியதும் தண்ணீரைத் திறந்துவிட்டு நிபந்தனையற்ற மன்னிப்பும் கேட்டார். தமிழ்நாட்டில் அந்த மாதம் திரையுலகமே திரண்டு நெய்வேலிக்குப் பேரணி போனது. அண்டை மாநிலத்தோடு நீதிமன்றம் சொன்ன பிறகும் நியாயமாக நடக்காதவர், அண்டை நாடுகளோடு எப்படி நடப்பார்? எல்லையில் இருப்பவர் கேட்கக்கூடிய முதல் கேள்வி இது.

அதே எல்லையில் எதிர்க்கணக்கும் உண்டு. 2000 ஜூலை 30-ஆம் தேதி கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது, பெங்களூரில் வாழும் லட்சக்கணக்கான தமிழர்களின் பாதுகாப்பு கேள்விக்குள்ளானது. கிருஷ்ணா சென்னைக்கு வந்து கலைஞரைச் சந்தித்தார். இரு முதல்வர்களும் சேர்ந்தே தூது அனுப்பினார்கள். 108 நாள் கழித்து ராஜ்குமார் உயிரோடு திரும்பினார். அந்த மூன்றரை மாதமும் இரு மாநில அரசுகள் பொறுமை இழக்காமல் பேசிக்கொண்டிருந்தது, ராஜதந்திரம் என்று சொல்லத் தகுந்த வேலைதான். பெங்களூரைத் தகவல் தொழில்நுட்ப நகரமாக வளர்த்ததில் கிருஷ்ணாவின் பங்கை யாரும் மறுப்பதில்லை. அந்த வளர்ச்சி வழிந்து ஓசூர்ப் பக்கமும் வந்தது. அமெரிக்காவில் டாலஸிலும் வாஷிங்டனிலும் படித்தவர் என்ற தகுதியும் அவருக்கு இருந்தது.

ஆக, ஒரே மனிதரைப் பற்றி ஒரே ஊரில் இரண்டு கருத்துகள் இருக்க முடியும். இரண்டுக்கும் ஆதாரமும் உண்டு. இவற்றை எங்கே போய்ச் சொல்வது, சொன்னால் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் யார் என்பதுதான் தீராத கேள்வி.

அமெரிக்கர்களுக்கு அப்படி ஓர் இடம் இருக்கிறது. அங்கே வெளியுறவு அமைச்சரும் தூதர்களும் செனட் சபையின் ஒப்புதல் பெற வேண்டும். 2017 ஜனவரியில் எக்ஸான்மொபில் எண்ணெய் நிறுவனத்தின் தலைவராக இருந்த ரெக்ஸ் டில்லர்சனை டிரம்ப் வெளியுறவு அமைச்சர் பதவிக்கு முன்மொழிந்தபோது நாடே இரண்டுபட்டது. ரஷ்யாவோடு பெரும் வணிகம் செய்தவர் அவர். 2013-ல் புதினின் கையால் நட்பு விருது வாங்கியவர். விசாரணையில் அவருடைய சொந்தக் கட்சியைச் சேர்ந்த மார்கோ ரூபியோவே, புதின் போர்க் குற்றவாளியா என்று நேருக்கு நேர் கேட்டார். அந்தச் சொல்லைப் பயன்படுத்த மாட்டேன் என்றார் டில்லர்சன். குழுவில் 11-க்கு 10, முழுச் சபையில் 56-க்கு 43 என்ற வாக்குகளில் அவர் தேறினார். பதினான்கு மாதத்துக்குள் டிரம்பே அவரை ட்விட்டரில் அறிவித்து நீக்கினார். கேள்வி கேட்ட ரூபியோ 2025 ஜனவரி 20-ல் அதே பதவிக்கு 99-க்கு 0 என்று ஏகமனதாக ஒப்புதல் பெற்றார்.

இந்த முறை எப்போதும் நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது. 2012-ல் வெளியுறவு அமைச்சர் பதவிக்கு சூசன் ரைஸின் பெயர் முறையாக முன்மொழியப்படுவதற்கு முன்பே, பெங்காசித் தாக்குதல் சர்ச்சையால் அவர் விலகிக்கொண்டார். கேள்வி கேட்கும் கட்டமே வரவில்லை. 2005-ல் ஐ.நா. தூதர் பதவிக்கு முன்மொழியப்பட்ட ஜான் போல்டனை செனட்டில் தடுத்தார்கள். சபை விடுமுறையில் இருந்த நேரம் பார்த்து புஷ் அவரை நியமித்துவிட்டார்.

ஓசூருக்கு மிக அருகில் வந்து தொட்டது எரிக் கார்செட்டியின் கதை. லாஸ் ஏஞ்சலஸ் மேயராக இருந்த அவரை 2021 ஜூலையில் இந்தியாவுக்கான தூதராக பைடன் முன்மொழிந்தார். தன் அலுவலக உதவியாளர் மீதான பாலியல் தொல்லைப் புகார்கள் அவருக்குத் தெரிந்திருந்தனவா என்பதில் சர்ச்சை கிளம்பியது. 2023 மார்ச் 15-ல்தான் 52-க்கு 42 வாக்குகளில் ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் டெல்லியில் அமெரிக்கத் தூதர் இல்லாமல் இரண்டு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. கொரோனாவுக்குப் பின் சுற்றுலா, வணிக விசா நேர்காணலுக்கு இந்தியர்கள் பல நூறு நாள் காத்திருந்ததும் இதே காலத்தில்தான். தாமதத்துக்குத் தூதர் இல்லாதது மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஊழியர் பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டது. ஆனால் தலைவர் இல்லாத தூதரகத்தில் அவசரத்தை மேலே எடுத்துச் சொல்ல ஆள் குறைவு என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். வாடிக்கையாளரைப் பார்க்க டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டிய சிப்காட் பொறியாளருக்கு, வாஷிங்டனில் நடந்த அந்தச் சண்டை வெறும் செய்தி அல்ல.

2025 ஆகஸ்ட் 22-ல் டிரம்ப் தன் பணியாளர் நியமனப் பிரிவின் தலைவர் செர்ஜியோ கோரை இந்தியத் தூதராக அறிவித்தார். ஐந்து நாள் கழித்து இந்தியப் பொருட்கள் மீதான வரி 50 சதவீதமாயிற்று. அக்டோபர் 7-ல் கோரின் பெயர், நூற்றுக்கு மேற்பட்ட பிற நியமனங்களோடு ஒரே கட்டாகச் சேர்த்து 51-க்கு 47 என்ற வாக்கில் நிறைவேறியது. நூறு பேரை ஒரே வாக்கில் ஒப்புக்கொள்ளும்போது தனித்தனி ஆளைப் பற்றிய மக்கள் கருத்துக்கு என்ன எடை இருக்க முடியும்? ஆனாலும் வாக்குக்கு முன் குழுவின் விசாரணைக்கு வந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதில்கள் பதிவில் இருக்கின்றன. நாளை அவர் மாற்றிப் பேசினால் எடுத்துக் காட்டலாம்.

பிரிட்டனில் அந்தப் பதிவும் இல்லாமல் ஒன்று நடந்தது. பீட்டர் மாண்டல்சனை வாஷிங்டன் தூதராக 2024 டிசம்பரில் ஸ்டார்மர் அரசு அறிவித்தது. அவருடைய பழைய தொடர்புகள் பற்றிக் கேள்விகள் ஏற்கெனவே இருந்தன. பதவி ஏற்பதற்கு முன் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் அவரை உட்கார வைத்துக் கேட்கவில்லை. பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீனுக்கு அவர் எழுதிய மின்னஞ்சல்கள் வெளியானதும் 2025 செப்டம்பர் 11-ல் நீக்கப்பட்டார். முன்கூட்டியே கேட்டிருந்தால் எல்லாம் வெளிவந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் அவர் சொல்லியிருக்கக்கூடிய பதில் பதிவாகியிருக்கும்.

இலங்கையில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே உயர் பதவிகளுக்கான குழு ஒன்று இருக்கிறது. தூதர் நியமனங்கள் அதன் பார்வைக்குப் போகின்றன. ஆனால் ஆளுங்கட்சிப் பெரும்பான்மை பலமாக இருந்த காலங்களில் தமிழர்கள் மிக அஞ்சிய பெயர்கள் தடையின்றிக் கடந்தன. போரின் கடைசிக் கட்டத்தில் 57-வது படைப்பிரிவை நடத்திய மேஜர் ஜெனரல் ஜகத் டயஸ், போர் முடிந்த கையோடு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, வாடிகன் ஆகியவற்றுக்கான துணைத் தூதராக பெர்லினுக்குப் போனார். கொழும்பில் அவரை யாரும் நிறுத்தவில்லை. பெர்லினைத் தளமாகக் கொண்ட மனித உரிமை அமைப்பு ஒன்று 2011-ல் அவருக்கு எதிரான ஆதாரங்களைத் தொகுத்து வெளியிட்டது. புலம்பெயர் தமிழர்களின் அழுத்தமும் சேர்ந்தது. அந்த ஆண்டே அவர் திரும்ப அழைக்கப்பட்டார். அனுப்பும் நாட்டில் மூடிய கதவு, ஏற்கும் நாட்டின் மக்கள் கருத்தால் திறந்தது. தூதரக உறவுகளுக்கான 1961-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி, எந்தத் தூதரையும் ஏற்க மறுக்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. காரணமும் சொல்ல வேண்டியதில்லை. தமிழர்கள் இந்த விதியைப் பற்றி இன்னும் நிறையப் பேச வேண்டும்.

இந்தியாவின் வரலாறு வேறு மாதிரி. இங்கே வெளியுறவு அமைச்சரைப் பிரதமர் தேர்கிறார். வெளியுறவுச் செயலரை அமைச்சரவையின் நியமனக் குழு தேர்கிறது. தூதர்களை அரசு அனுப்புகிறது. நாடாளுமன்றத்தின் ஒப்புதல் எதற்கும் வேண்டாம். 1947-ல் நேரு வி.கே.கிருஷ்ண மேனனை லண்டனுக்கு ஹைகமிஷனராக அனுப்பினார். அடுத்த ஆண்டே ராணுவ ஜீப் கொள்முதல் ஊழல் வெடித்தது. ஆனாலும் மேனன் 1952 வரை அங்கே நீடித்தார், பிறகு அமைச்சரும் ஆனார். 2005-ல் ஈராக் எண்ணெய்க்கு உணவுத் திட்ட முறைகேடு பற்றிய வோல்க்கர் அறிக்கையில் பெயர் வந்த நட்வர் சிங், அறிக்கை வெளியான இரண்டு வாரத்துக்குள் வெளியுறவுத் துறையை இழந்தார். 2015 ஜனவரி 28 இரவில், பதவிக்காலம் இன்னும் மாதக்கணக்கில் மீதமிருந்த செயலர் சுஜாதா சிங் விடுவிக்கப்பட்டார். ஓய்வு பெற மூன்றே நாள் இருந்த எஸ்.ஜெய்சங்கர் அந்த இடத்துக்கு வந்தார். 2018-ல் ஓய்வு பெற்றதும், ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்குப் பெற்று டாடா சன்ஸ் குழுமத்தின் உலகளாவிய விவகாரங்களுக்குத் தலைவரானார். 2019 மே 30-ல் வெளியுறவு அமைச்சர்.

ஜெய்சங்கரின் திறமையைச் சந்தேகிப்பவர்கள் மிகக் குறைவு. பெய்ஜிங்கிலும் வாஷிங்டனிலும் தூதராக இருந்தவர், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஆனால் ஓசூரில் டைட்டன் கடிகார ஆலை டாடாவுடையது. பக்கத்தில் ஐபோனுக்குப் பாகம் செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸும் அந்தக் குழுமத்துடையதே. எண்ணெய் நிறுவனத்திலிருந்து வந்த டில்லர்சனிடம் அமெரிக்க செனட் நாள் முழுக்கக் கேட்ட கேள்விகளை, பெரும் தொழில் குழுமத்திலிருந்து வந்த இந்திய அமைச்சரிடம் ஒரு முறையாவது பகிரங்கமாகக் கேட்டிருக்கலாம். பதில் திருப்தியாகவே இருந்திருக்கக்கூடும். கேட்காததால் அவருக்கும் அதில் நன்மை இல்லை.

பதவியில் யார் என்பது ஓசூருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? காரணங்கள் சிப்காட் வளாகங்களிலும் பூந்தோட்டங்களிலும் இருக்கின்றன. அசோக் லேலண்ட் 1980-ல் இங்கே ஆலை தொடங்கியது. 1982-லேயே இலங்கையில் லங்கா அசோக் லேலண்ட் என்ற கூட்டு நிறுவனம் வந்துவிட்டது. டி.வி.எஸ். இருசக்கர வண்டிகள் ஓசூரிலிருந்து ஆப்பிரிக்காவுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் போகின்றன. இலங்கை 2020-ல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு சந்தை மூடியது. 2025-ல்தான் படிப்படியாகத் திறந்தது.

2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. மின்சார ஸ்கூட்டரின் மோட்டாருக்குள் இருப்பது அந்தக் காந்தம். ஓசூரில் டி.வி.எஸ்., போச்சம்பள்ளியில் ஓலா என்று மின்சார வண்டிகள் பெருகிய மாவட்டத்தில் இது நேரடி அடி. ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ டெல்லிக்கு வந்து ஜெய்சங்கரைச் சந்தித்தார். உரம், சுரங்கப்பாதை தோண்டும் எந்திரம், அரிய மண் மூன்றிலும் இந்தியாவின் கோரிக்கையைக் கவனிப்பதாக அவர் உறுதி தந்தார் என்று செய்திகள் வந்தன. ஒரு மேசையில் இருவர் பேசுவது மூன்றாவது ஷிப்ட் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

பூவும் பழமும் கல்லும் அப்படியே. பிப்ரவரி 14-க்கு முந்தைய வாரங்களில் ஓசூர் ரோஜா பெங்களூர் விமான நிலையம் வழியாக சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, ஐரோப்பா என்று பறக்கிறது. கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாம்பழத்தைக் கூழாக்கிக் கப்பலில் அனுப்புகிறார்கள். 2023 இறுதியில் செங்கடலில் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கியபோது ஐரோப்பா போகும் சரக்குக் கட்டணம் எகிறியது. கிரானைட் பலகைகளுக்கு அமெரிக்கா பெரிய சந்தை. 50 சதவீத வரி அங்கே உறைத்தது. இந்த மாவட்டத்து விவசாயியும் கல் அறுப்பவரும் வெளியுறவைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதியற்றவர்கள் என்று யாராவது நினைத்தால் அது பெரும் தவறு.

எல்லை வாழ்க்கை இன்னொரு பாடத்தையும் சொல்லித் தருகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர் இது. 2024 ஜூனில் கிருஷ்ணகிரி எம்.பி. கே.கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி எடுத்தார். 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தால் பேருந்துகள் நின்றபோது, ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே மூட்டையும் குழந்தையுமாக மக்கள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள். தென்பெண்ணையில் மேலே இருந்து வரும் கழிவு கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குகிறது. அண்டை வீட்டோடு சண்டையும் வேண்டும், நாளைக் காலையில் கம்பெனி பஸ்ஸும் அந்தப் பக்கம் போக வேண்டும். ஒருவருடைய முந்தைய நடத்தையைப் பார்த்து அவர் எப்படிப் பேச்சுவார்த்தை நடத்துவார் என்று கணிக்கும் பழக்கம் இங்கே அன்றாடத் தேவை.

அந்தப் பழக்கம் நம்பகமானதா? கிருஷ்ணாவின் மூன்றரை ஆண்டைப் பார்த்தால் பாதிதான் சரி. தண்ணீர் விஷயத்தில் அஞ்சியது நடக்கவில்லை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களுக்கான ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனுதவியில் நடந்தது. கர்நாடகத்தில் 2008-ல் அதற்கு எதிராகப் பெரும் போராட்டம் எழுந்தது. கர்நாடகத்துக்காரர் வெளியுறவு அமைச்சராக இருந்தும் வேலை தொடர்ந்தது. 2013 மே 29-ல் ஜெயலலிதா திறந்துவைத்தார். தவறு வேறு இடத்தில் நேர்ந்தது. 2011 பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் போர்ச்சுகல் அமைச்சரின் உரையை எடுத்து சில நிமிடங்கள் வாசித்துவிட்டார். இலங்கை விஷயத்தில், 2012 ஜனவரியில் கிளிநொச்சி சென்று இந்தியாவின் 50,000 வீட்டுத் திட்டத்தின் முதல் வீடுகளை ஒப்படைத்தது நல்ல காரியம். ஆனால் பொறுப்புக்கூறல் பற்றி டெல்லி தயங்கிய காலமும் அதுவே.

அந்தத் தயக்கத்தை அசைத்தது தமிழ்நாட்டின் குரல். 2012 மார்ச்சில் தமிழக எம்.பி.க்கள் இரு அவைகளிலும் போராடினார்கள். 19-ஆம் தேதி மக்களவையில் பிரதமரே எழுந்து, இலங்கை மீதான ஐ.நா. மனித உரிமைக் கவுன்சில் தீர்மானத்தை ஆதரிக்கும் பக்கமே சாய்கிறோம் என்றார். 22-ஆம் தேதி ஜெனீவாவில் 24-க்கு 15 என்று தீர்மானம் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவியது. தி.மு.க. மத்திய ஆட்சியிலிருந்து விலகியது. மறுபடியும் இந்தியா ஆதரித்தது. 2014-ல் அழுத்தம் தளர்ந்தது. வாக்கெடுப்பில் இந்தியா விலகி நின்றது. ஆள் தேர்வில் இடம் கிடைக்காத மக்கள் கருத்து, கொள்கையில் கடைசி நேரத்தில் மோதி வழியைத் திறக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மாணவர்கள் பட்டினி கிடக்க வேண்டும், அமைச்சர்கள் விலக வேண்டும். கேள்விகளை 2009 மேயிலேயே கேட்க இடம் கிடைத்திருந்தால் செலவு மிகக் குறைந்திருக்கும்.

ஓசூர்ப் பக்கத்து மண்ணே இந்த விஷயத்தில் பெரிய முன்மாதிரி ஒன்றை வைத்திருக்கிறது. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தச் சொல்ல 1962 செப்டம்பரில் வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்தித்தார். அப்போது அவர் அரசுப் பதவி எதிலும் இல்லை; நேருவை எதிர்த்துக் கட்சி நடத்திக்கொண்டிருந்தார். காந்தி அமைதி நிறுவனத்தின் சார்பில் அவரோடு போனவர்களில் ஒருவர் கர்நாடகத்துத் தலைவர் ஆர்.ஆர்.திவாகர். சர்ச்சைக்கு உள்ளான ஒருவரைத் தூதுக்கு அனுப்புவதே தவறு என்ற வாதத்துக்கு இது பதில். ராஜாஜியைவிட அதிகம் சர்ச்சைக்கு ஆளான தமிழ்த் தலைவர்கள் சொற்பம். சர்ச்சை தகுதியைக் கெடுப்பதில்லை. கேள்விக்குப் பதில் சொல்ல மறுப்பதே கெடுக்கிறது.

செனட் முறையை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்வது சரியாகாது. கட்சிக் கொறடா உத்தரவு இருக்கும் நாட்டில் ஒப்புதல் வாக்கு, ஆளுங்கட்சி எண்ணிக்கையை இன்னொரு முறை எண்ணிப் பார்ப்பதாகத்தான் முடியும். பெரும்பான்மை இல்லாத ஆட்சியிலோ கார்செட்டிக்கு நேர்ந்ததுபோல தூதரகங்கள் காலியாகக் கிடக்கும். வேண்டியது வாக்கு இல்லாத பகிரங்க விசாரணை. வெளியுறவுச் செயலரும் பெரிய நாடுகளுக்கும் அண்டை நாடுகளுக்கும் போகும் தூதர்களும் பொறுப்பேற்கும் முன், வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் எதிரில் ஒரு நாள் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சன்சத் டி.வி. அதை நேரலையில் காட்ட வேண்டும். மீனவர் சங்கமும் ஏற்றுமதியாளர் சங்கமும் கேள்விகளை எழுத்தில் அனுப்ப உரிமை வேண்டும். நியமிக்கும் அதிகாரம் அரசிடமே இருக்கட்டும்.

இதற்கு அரசியல் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. நிலைக்குழுக்கள் 1993 முதல் இருக்கின்றன. அவை மூடிய அறையில் கூடுகின்றன, அமைச்சகங்களின் அன்றாட நிர்வாகத்தில் தலையிடக் கூடாது என்று விதி இருக்கிறது. அவையின் நடைமுறை விதிகளில் திருத்தம் போதும். ஓசூர் சிறுதொழில் அமைப்பான ஹோஸ்டியாவும், மாங்கூழ் உற்பத்தியாளர்களும், மலர் விவசாயிகளும் சேர்ந்து தொகுதி எம்.பி.யிடம் இந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுக்கலாம். அவர் அதை மக்களவைத் தலைவரிடமும் நிலைக்குழுத் தலைவரிடமும் கொண்டுபோகட்டும். அடுத்த முறை கொழும்புக்கோ பெய்ஜிங்குக்கோ வாஷிங்டனுக்கோ ஒருவர் பெயர் அறிவிக்கப்படும் நாளில், அவரிடம் கேட்க ஓசூரின் கேள்விகள் தயாராக இருக்க வேண்டும். அவற்றை இப்போதே எழுதத் தொடங்குங்கள்.